கஞ்சாச் செடியும் சட்டமும்: பஞ்சாயத்து அங்கத்தினரும் விவசாயிகளும் அறிய வேண்டுவன

புதியதொரு பயிரைச் சாகுபடி செய்ய விரும்பும் விவசாயி, மண்ணின் தன்மையையும், நீர் வசதியையும், சந்தை விலையையும் ஆராய்ந்து பார்ப்பது வழக்கம். இவற்றுக்கெல்லாம் முன்பாகச் சட்டத்தைப் பார்க்க வேண்டிய பயிர்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று கஞ்சாச் செடி. ஆங்கிலத்தில் இதனை ‘ஹெம்ப்’ என்றும் கூறுவர். அண்மைக் காலத்தில், ‘தொழில் ஹெம்ப்’ என்றும், ‘சி.பி.டி. எண்ணெய்’ என்றும் பெயரிட்டு, இச்செடியிலிருந்து பெறும் பொருள்களைப் பற்றிப் பலவகை விளம்பரங்கள் பரவி வருகின்றன. அவற்றுள் சில உண்மை. சில அரைகுறை உண்மை. வேறு சில அயல்நாட்டுச் சட்டத்தை நம் நாட்டுச் சட்டம் போல எடுத்துரைப்பவை. ஆகவே, இச்செடி பற்றி நம் நாட்டுச் சட்டம் கூறுவது யாது என்பதையும், அச்சட்டம் பஞ்சாயத்து அங்கத்தினர்மீது சுமத்தியுள்ள கடமை யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையில் இரயில் நிலையத்தை உடைய நெமிலிச்சேரியை எடுத்துக்கொள்வோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை இவ்வூர் வழியே செல்கிறது. சென்னையின் மேற்குப் புறத்தே உள்ள இத்தகைய ஊர்களில் விளைநிலமும் வீட்டு மனையும் அடுத்தடுத்துக் கிடக்கக் காணலாம். நிலத்துக்கு உரியவர் நகரில் வசிப்பார், குத்தகைதாரர் பயிரிடுவார், சுற்றுச்சுவர் எழுப்பிய மனை ஆண்டுக்கணக்கில் ஆளரவமின்றிக் கிடக்கும். இந்நிலையில், எவர் நிலத்தில் எது முளைத்திருக்கிறது என்பதை ஊரில் உள்ளவர்களே முதலில் அறிய முடியும். ஆதலால், சட்டம் இவ்விஷயத்தில் ஊர்ப் பொறுப்பாளர்களை நேரடியாகக் குறிப்பிட்டுக் கூறுவதில் வியப்பில்லை.

பெயரால் வரும் குழப்பம்

முதலாவதாக, பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ‘ஹெம்ப்’ என்ற ஆங்கிலச் சொல் பல நார்ப்பயிர்களுக்குப் பொதுவாக வழங்கி வருகிறது. நம் வயல்களில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பை ‘சன் ஹெம்ப்’ என்பர். இது அவரை, துவரை போன்ற பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட தனி இலையும், பளிச்சென்ற மஞ்சள் பூவும் உடையது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்குத் தருவது. இதனைப் பயிரிடுவதற்கு எவ்விதத் தடையும் இல்லை. கோணிப்பை நெய்ய உதவும் சணலும் வேறு செடியே.

புளிச்சை இனத்தைச் சேர்ந்த கெனாஃப் என்னும் நார்ப்பயிரின் இலை, கஞ்சா இலையைப் போலவே விரல் விரலாகப் பிரிந்திருப்பதால், பார்வைக்கு மயக்கம் தரும். ஆனால் அதன் பூ செம்பருத்திப் பூவின் வடிவில், வெளிர் மஞ்சள் நிறத்தில், நடுவே கருஞ்சிவப்பாக இருக்கும். கஞ்சாச் செடியில் அத்தகைய பூ இராது. பச்சை நிறமான சிறு பூக்கள் நுனியில் கொத்தாக நெருங்கி, பிசுபிசுப்புடன் கடுமையான மணம் வீசும். இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், சணப்பு விதைத்தவர் வீண் அச்சம் கொள்ளவும் வேண்டாம்; ‘இதுவும் ஒருவகைச் சணல்தான்’ என்று கஞ்சா விதையை விற்க வருபவரிடம் ஏமாறவும் வேண்டாம்.

செடியின் எப்பகுதியில் எப்பொருள் உள்ளது?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உள்ளன என்று விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, டி.எச்.சி. எனப்படுவது, போதை தருவது இதுவே. மற்றொன்று, சி.பி.டி. எனப்படும் கன்னாபிடையால், இது போதை தருவதில்லை. 1963, 1964ஆம் ஆண்டுகளில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி ரபேல் மெக்கூலமும் அவருடன் பணியாற்றியோரும் இவ்விரு பொருள்களின் வேதியியல் அமைப்பைத் தெளிவாக்கினர். குழந்தைகளுக்கு வரும் சிலவகைக் கடுமையான வலிப்பு நோய்களுக்குச் சி.பி.டி.யைக் கொண்டு தயாரித்த மருந்தொன்றை அமெரிக்க அரசாங்கம் 2018ஆம் ஆண்டில் அனுமதித்தது.

இவ்விரு பொருள்களும் பெண் செடியின் பூங்கொத்திலும் அதனை ஒட்டிய சிற்றிலைகளிலும் உள்ள பிசின் சுரப்பிகளிலேயே மிகுதியாக உண்டாகின்றன. தண்டின் நாரிலும் விதையின் உள்ளேயும் இவை அநேகமாக இல்லை. விதையின் மேல் ஒட்டிய பிசினால் சிறிதளவு சேரலாம். ஆகவே, விதையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் வேறு. பூவிலிருந்தும் இலையிலிருந்தும் வடித்தெடுக்கும் சி.பி.டி. எண்ணெய் வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், சட்டத்தைப் புரிந்துகொள்வது எளிது.

சட்டம் பிறந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் கஞ்சா, தீர்வை செலுத்தி விற்கும் சரக்காக இருந்தது. சென்னை மாகாணத்தில் வடஆர்க்காட்டு ஜவ்வாது மலை போன்ற சில இடங்களில் மட்டும் உரிமத்தின் பேரில் பயிரிடப்பட்டது. 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை தேவையில்லை என்றும், கட்டுப்பாடும் தீர்வையும் போதும் என்றும் 1894இல் அறிக்கை அளித்தது. பின்னர் நம் மாகாணத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அது மதுவோடு கஞ்சாவையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது.

1961ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் போதைப்பொருள்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை, கஞ்சாச் செடியின் பூங்கொத்துக்கும் பிசினுக்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. எனினும், நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் பயிரிடுவதைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. இதனை ஒட்டியே நம் நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டில் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இன்றும் நம்மை ஆளும் தலையாய சட்டம் இதுவே.

சட்டம் கூறுவது

இச்சட்டம் ‘சி.பி.டி.’ என்ற பெயரைத் தனியே எடுத்துக் கூறவில்லை. செடியின் பகுதிகளை வைத்தே அது பேசுகிறது. பூங்கொத்து அல்லது காய்க்கொத்து கஞ்சா எனப்படும். பிரித்தெடுத்த பிசின், எவ்வடிவில் இருப்பினும் சரஸ் எனப்படும். ‘ஹாஷிஷ் எண்ணெய்’ என்று வழங்கும் செறிவூட்டிய சரக்கும் இதில் அடங்கும். பூங்கொத்து சேராத விதையையும் இலையையும் இவ்வரையறை விலக்குகிறது. ஆனால், இலை விலக்கப்பட்டுள்ளது என்று தமிழ்நாட்டில் எவரும் மகிழ்ச்சி அடைவதற்கில்லை. மேற்கூறிய 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், இலையையும் சிறு காம்பையும் கூட மயக்கம் தரும் பொருளில் சேர்த்துள்ளது. மாநிலச் சட்டம் விதிக்கும் கூடுதல் தடைகள் செல்லும் என்று மத்தியச் சட்டத்தின் 81ஆம் பிரிவு கூறுகிறது.

சாகுபடியைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் கண்டிப்பானது. ‘கஞ்சாச் செடி’ என்றால் அவ்வினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்பதே அதன் பொருள். டி.எச்.சி. குறைந்த ரகம், கூடிய ரகம் என்ற பாகுபாடு சட்டத்தில் இல்லை. அனுமதியின்றி எந்தக் கஞ்சாச் செடியையும் பயிரிடலாகாது என்று 8ஆம் பிரிவு தடுக்கிறது. மீறிப் பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும், 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. இத்தனை செடிக்கு மேல் இருந்தால்தான் குற்றம் என்று எண்ணிக்கை எதுவும் அங்கே கூறப்படவில்லை. வீட்டு மாடியில் தொட்டியில் வளர்த்தாலும் விதி ஒன்றே.

வைத்திருத்தல், விற்றல், எடுத்துச் செல்லல் ஆகியவற்றுக்கு எடையைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. சரஸில் 100 கிராம் வரை சிறு அளவு; 1 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு. இருபதாண்டு வரையும் நீளலாம். கலப்புச் சரக்காயின், அதிலுள்ள போதைப்பொருளின் எடையை மட்டும் கணக்கிடாமல், மொத்த எடையையும் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. எண்ணெயில் கலந்து விற்கும் சரக்குகளை வாங்குவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

அனுமதிக்கும் வழி உண்டா?

உண்டு. சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாரையோ விதையையோ பெறும் தொழில் நோக்கத்துக்காகவும், தோட்டக்கலை நோக்கத்துக்காகவும் கஞ்சாச் செடியைப் பயிரிட, நிபந்தனைகளுடன் அரசாங்கம் அனுமதி அளிக்கலாம் என்று கூறுகிறது. மருத்துவ, விஞ்ஞான நோக்கங்களுக்காக மாநில அரசாங்கம் விதிகள் இயற்றி அனுமதிக்க 10ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய அனுமதியின் பேரில் ஆய்வுச் சாகுபடி செய்துள்ளது.

உத்தராகண்ட் மாநிலம் 2018ஆம் ஆண்டில் தொழில் நோக்கத்துக்கான சாகுபடிக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இமாசலப் பிரதேசத்தில், 2025 ஜனவரியில், இரு விவசாயப் பல்கலைக்கழகங்களின் வழியே முன்னோட்ட ஆய்வு நடத்த அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலைச்சரிவுகளில் தானாகவே இச்செடி மண்டிக் கிடக்கும் மாநிலங்கள் இவை என்பது குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு இத்தகைய பொது உரிமத் திட்டம் இல்லை. ஒரு மாநிலம் அளித்த உரிமம் அம்மாநில எல்லைக்குள் குறிப்பிட்ட நிலத்துக்கே செல்லும். அதைக் காட்டி நம் ஊரில் விதைக்க முடியாது.

விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் 0.3 சதவீதக் கணக்கு பெரிதும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்நாடு 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில், உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. இல்லாத செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் பின்னர் பலவகைச் சரக்குகள் கடைகளில் பெருகவே, 2025 நவம்பரில் அந்நாடே தன் வரையறையை இறுக்கியது. ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அது அமைந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. எனினும், முதல் பட்டியலில் அது தொடர்ந்து உள்ளது. நம் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அதனால் மாறிவிடவில்லை.

கடையில் விற்கும் பொருள்கள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2021 நவம்பரில், கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க நிபந்தனையுடன் அனுமதித்தது. டி.எச்.சி.யின் அளவு விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கும், எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. சி.பி.டி.யின் அளவு கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும்: சி.பி.டி. நிறைந்த எண்ணெயை உணவுப் பொருளாக விற்க இவ்விதி இடந்தரவில்லை.

இலையிலிருந்து தயாரிக்கும் சில மருந்துகள் ஆயுர்வேத மருந்து உரிமத்தின் கீழ் ‘விஜயா’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மருந்து விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில் இது சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியின் மேல் இருத்தல் வேண்டும். உரிம எண்ணும், தயாரிப்பாளர் முகவரியும், எச்சரிக்கையும் இல்லாத எண்ணெயை வலிக்கென்றோ தூக்கத்துக்கென்றோ வாங்குவது, உடலுக்கும் சட்டத்துக்கும் ஒருசேர ஆபத்தாகும்.

நில உடைமையாளரின் கடமை

சட்டத்தின் 46ஆம் பிரிவு நிலம் வைத்திருப்போரைப் பற்றியது. தம் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடி பயிராவதை அறிந்தவர், உடனே காவல்துறைக்கோ சட்டத்தில் கூறியுள்ள பிற துறை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் தெரிவியாமல் இருப்பது குற்றம். தம் வீட்டையோ இடத்தையோ இக்குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதிப்பவருக்கும் தண்டனை உண்டு என்று 25ஆம் பிரிவு கூறுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிலைநாட்டும் பொறுப்பு, பல சமயங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. ஆகவே, குத்தகைக்கு நிலம் விடுவோர், என்ன பயிர் என்பதை எழுத்தில் பெறுவதும், ஒரு போகத்தில் ஓரிரு முறையேனும் நேரில் சென்று பார்ப்பதும் நன்று. சுவர் எழுப்பிய வெற்று மனையை உடையோர்க்கும் இது பொருந்தும்.

தானாக முளைத்த செடிக்கு என் செய்வது என்று சிலர் வினவலாம். மண்ணில் விழுந்த விதை இயற்கையாக முளைத்தலும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம், 2004ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அலக் ராம் வழக்கில் ஒப்புக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரே அதனைப் பயிரிட்டார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று கூறி, அவரை விடுவித்தது. எனினும், நீதிமன்றம் வரை சென்று விடுபடுவதைக் காட்டிலும், கண்டவுடன் தெரிவிப்பதே நேர்மையான உடைமையாளருக்குப் பாதுகாப்பு.

பஞ்சாயத்து அங்கத்தினரின் கடமை

47ஆம் பிரிவு, அரசாங்க அலுவலரோடு, பஞ்சாயத்துத் தலைவரையும் அங்கத்தினரையும் மற்றக் கிராம அலுவலரையும் பெயர் சுட்டியே கூறுகிறது. எந்த நிலத்திலேனும் கஞ்சாச் செடி சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்டுள்ளது என்பது தம் கவனத்துக்கு வந்தால், அவர்கள் உடனே தெரிவித்தாக வேண்டும். அலட்சியம் செய்தால் அவர்களும் தண்டனைக்கு உரியவர் ஆவர். தனித் தண்டனை குறிக்கப்படாத குற்றங்களுக்கு 32ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. உறவினர் நிலம், கட்சிக்காரர் நிலம், பெரிய மனிதர் நிலம் என்று பார்த்து வாளாவிருக்கச் சட்டம் இடந்தரவில்லை.

இக்கடமையை ஆற்றும் முறையையும் கூறிவிடுவோம்.

ஒன்று: சந்தேகம் தோன்றினால் முதலில் அது சணப்பா, கெனாஃபா, கஞ்சாவா என்று விவசாய உதவி அலுவலரைக் கொண்டு தெளிவுபெறலாம். ஆனால் இதனைக் காரணமாக்கி நாள் கடத்தலாகாது.

இரண்டு: செடியைத் தாமே பிடுங்குவதோ, எரிப்பதோ, மாதிரிக்கென்று கையில் எடுத்து வைப்பதோ கூடாது. பயிரைக் கைப்பற்றவும் அழிக்கவும் உத்தரவிடும் அதிகாரம் 48ஆம் பிரிவின்படி மாஜிஸ்டிரேட்டுக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற உயர் அலுவலருக்கும் உரியது. நாமாக எடுத்தால் சான்றும் அழியும். நம் கையில் சரக்கு இருந்தது என்ற பழியும் வரும்.

மூன்று: நிலத்தின் சர்வே எண், எல்லைகள், கண்ட நாள் ஆகியவற்றை எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றதற்கான ஒப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு பிரதி தருவது நன்று. நேரில் செல்ல அஞ்சுவோர், 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய 1933 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

நான்கு: ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில் இவ்விஷயத்தை ஒருமுறையேனும் எடுத்துக் கூறலாம். அங்கே எவர் மீதும் பெயர் கூறிக் குற்றம் சாட்டுதல் வேண்டாம். சட்டத்தை மட்டும் விளக்கினால் போதும். போதைப் பழக்கத்துக்கு ஆளான இளைஞர் சிகிச்சைக்கு முன்வந்தால், சிறு அளவுக் குற்றங்களில் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 64ஏ பிரிவு வழி வகுத்துள்ளது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுதல் நலம்.

ஒப்பந்தத்துடன் வருபவரிடம் கேட்க வேண்டியவை

‘விதை தருகிறோம், விளைவித்துத் தந்தால் நாங்களே வாங்கிக்கொள்வோம்’ என்று எவரேனும் வந்தால், முன்பணம் வாங்குவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அரசாங்க அனுமதி உத்தரவு எங்கே? அது எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அளிக்கப்பட்டது? அதில் நம் பெயரும், நம் நிலத்தின் சர்வே எண்ணும், காலவரையறையும் உள்ளனவா? வாங்கிக்கொள்ளப்போவது நாரா, விதையா, பூவா? பூங்கொத்து என்று விடை வந்தால், 14ஆம் பிரிவின் அனுமதி அதற்குப் பொருந்தாது என்பதை உணர்ந்து, அத்துடன் பேச்சை நிறுத்திவிடலாம். நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழும், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தின் அறிக்கையும், அயல் மாநில உரிமத்தின் நகலும் இவ்வுத்தரவுக்கு ஈடாகா. வழக்கு வந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர், செடி நின்ற நிலத்தில் பாடுபட்டவரே ஆவார்.

நார்ப்பயிராகவும் எண்ணெய் வித்தாகவும் இச்செடிக்குப் பயன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. டி.எச்.சி. குறைந்த ரகங்களைப் பற்றிய ஆராய்ச்சியை ஊக்குவிக்கலாம் என்று மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கொள்கையும் கூறியுள்ளது. நாளை நம் மாநிலமும் விதிகள் இயற்றினால், அவ்விதிகளின்படி விவசாயிகள் பயன்பெறலாம். அதுவரை, எழுத்து மூலமான உத்தரவு கையில் இன்றி ஒரு விதையும் ஊன்றலாகாது. பசுந்தாளுக்குச் சணப்பு இருக்கிறது. அதனைத் தாராளமாக விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது நிலத்தை வளப்படுத்துவோம். மற்றதைக் கண்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்போம். இவ்விரண்டையும் ஒவ்வொரு பஞ்சாயத்து அங்கத்தினரும் தம் வார்டு மக்களிடம் எடுத்துக் கூறுவாராயின், நெமிலிச்சேரி போன்ற ஊர்களில் அறியாமையால் நிலத்தையும் விடுதலையையும் இழப்போர் இரார் என்று நம்புகிறோம்.